வாண்டுவின் கேள்விகளை வெட்டியவள்

ஏழாம் அத்தியாயத்தின் மூன்றாவது தாளில்தான் டைப்பிஸ்டுக்கு முதன்முதலாக மூக்கில் வேர்த்தது.

"வாண்டு அழைப்பு மணியைக் கழற்றித் தரையில் பரப்பினாள். சத்தம் எந்தப் பாகத்துக்குள் குடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்." இதை அப்படியே அடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு, அப்புறம்தான் அவள் நிமிர்ந்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! எங்கேயோ என்ன எங்கேயோ, அவள் வீட்டு வாசலில்தான். போன மாதம் அவள் பெற்ற மகாராணி, வீட்டில் இருக்கிற ஒரே மணியைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி, "ம்மா, சத்தம் இதுல எதுக்குள்ள இருக்கு?" என்று கேட்டாள். அந்த மணி இன்று வரை அடிக்கவில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

"இந்த எழுத்தாளர் அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கணினியைப் பார்த்துக் கேட்டாள். கணினி என்ன சொல்லும், பாவம்.

அது ஒரு ஜெராக்ஸ் கடை. முன்னால் இரண்டு இயந்திரங்கள், அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு முதலாளி. பலகைத் தடுப்புக்குப் பின்னால் டைப்பிஸ்டின் கணினி, ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியின் ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் முறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும். டைப்பிஸ்டுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: யார் கையெழுத்தையும் படித்துவிடுவாள். டாக்டர் எழுதியது, வக்கீல் எழுதியது, கோபத்தில் எழுதியது, எதுவானாலும் சரி. எழுத்தாளர் அம்மா இந்தக் கடையைத் தேடி வந்ததும் அதனால்தான். அவர் கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினமாதிரி இருக்கும். எழுதியவருக்கே சில சமயம் புரியாது. டைப்பிஸ்டுக்குப் புரியும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயமாக எழுதிக்கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்தால் கொடுத்ததுதான். அடித்ததைப் பார்க்கவே மாட்டார். "கடைசி வரிய எழுதி முடிக்கிற வரைக்கும் பழைய பக்கத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேம்மா. திரும்பிப் பார்த்தா வாண்டு ஓடிப் போயிடுவா" என்பார். தாளைக் கொடுத்துவிட்டு எதிரே முக்காலியில் கொஞ்ச நேரம் உட்காருவார், ஒரு டீ குடிப்பார், "அப்புறம், வீட்ல என்ன நடக்குது?" என்பார். டைப்பிஸ்டுக்கும் வாய் சும்மா இருக்காது. அடிக்கிற வேலைக்குக் கை போதுமே.

நாவலின் நாயகி வாண்டு. பதினோரு வயசு. பாவாடை என்றால் ஆகாது, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர், வாயைத் திறந்தால் கேள்வி. டைப்பிஸ்டின் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயசு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். குடைச்சல் என்றால்தான் திரும்புவாள். அவள் குடையாத பொருள் இல்லை, குடையாத ஆள் இல்லை.

சரி, மணியைக் கழற்றுகிற பிள்ளைகள் உலகத்தில் ஒன்றா இரண்டா என்று டைப்பிஸ்ட் மனதைத் தேற்றிக்கொண்டாள். எட்டாம் அத்தியாயம் வந்தது. வாண்டு தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். கம்பியில் தலைகீழாகத் தொங்கும்போது கண்ணை மறைக்கிறதாம்! பந்து விளையாடப் போன இடத்தில் ஒருவன் "நீ பொண்ணு, ஓரமா நில்லு" என்றதற்கு, "ஓரத்துக்குப் பந்து வருமா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றாள். லிப்ட் அறுந்து விழும்போது கடைசி நொடியில் குதித்தால் தப்பிக்கலாமா என்று வாட்ச்மேனைக் கேட்டு, அந்த மனிதரை அன்றிலிருந்து படியேறிப் போக வைத்தாள்.

அத்தனையும் குடைச்சல். அப்பட்டமாகக் குடைச்சல். அந்த வாட்ச்மேன் இன்னமும் படியில்தான் ஏறுகிறார்.

இனி தற்செயல் என்று யாராவது சொன்னால் டைப்பிஸ்ட் அவர்கள் வாயிலேயே போடுவாள். யாரோ வேவு பார்க்கிறார்கள், அல்லது யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள். முதலில் முதலாளி மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அவருக்குத் தன் பிள்ளைகள் என்ன வகுப்பு என்பதே தெரியாது. அடுத்தது வாட்ச்மேன். அவர் பேசினால் மூட்டுவலியைப் பற்றி மட்டும்தான் பேசுவார். மிச்சம் இருப்பது யார்? குடைச்சலேதான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் விசாரணை ஆரம்பமானது.

"உனக்கு எழுத்தாளர் அம்மாவத் தெரியுமா?"

"எந்த எழுத்தாளர்?" மகள் ரேடியோவின் முதுகைத் திறந்து வைத்திருந்தாள்.

"எங்கிட்ட டைப் அடிக்கக் கொடுக்குறாங்களே, அவங்க."

"அவங்களுக்கு என்னத் தெரியுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"நீ எதுக்குக் கேக்குறேன்னு சொல்லு, அப்புறம் நான் சொல்றேன். ஏம்மா, அவங்க கதையில வர்றவங்களுக்குப் பசிக்குமா? இல்ல அவங்க எழுதினாத்தான் பசிக்குமா?"

விசாரிக்க உட்கார்ந்தவள் விசாரிக்கப்பட்டு எழுந்தாள். பெற்றது அப்படி, யாரை நொந்துகொள்வது?

அடுத்து ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

வாண்டுவின் அப்பா தூரதேசத்துக்கு வேலைக்குப் போனவர். அதுவரை அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்போது வாண்டு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்கிறாள்: "அப்பா சட்டையெல்லாம் இங்கயே இருக்கே. அங்க அவர் என்னத்தப் போட்டுக்குறார்?"

டைப்பிஸ்டின் விரல் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் முதலாளி இயந்திரத்தைத் திட்டுகிற சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது.

அவள் வீட்டு அலமாரியிலும் சட்டைகள் இருந்தன. அந்தச் சட்டைக்காரர் கப்பலில் என்ஜின் பழுதுபார்க்கிற வேலையில் இருப்பதாகத்தான் குடைச்சலுக்குச் சொல்லியிருந்தாள். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது, அதனால் போன் வராது. கப்பல் சட்டென்று கரைக்கும் வராது. உண்மையில் அந்த மனிதர் கடலைப் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும். இதே ஊரில், பாலத்துக்கு அந்தப்பக்கம், பஸ் டிப்போவை ஒட்டிய தெருவில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். ஒரு நாள் வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். இது டைப்பிஸ்டுக்குத் தெரியும், அவள் அண்ணனுக்குத் தெரியும். வேறு ஈ காக்கைக்குத் தெரியாது.

அப்பா என்றால் குடைச்சலுக்கு உயிர். அந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "உன்னை வேண்டாம்னுட்டு பத்து நிமிஷ தூரத்துல இருக்கார்" என்று ஒரு குழந்தையிடம் எந்த வாயால் சொல்வது? நடுக்கடலில் இருக்கிறவரை மன்னிக்கலாம், பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரை எப்படி மன்னிப்பது? அதனால் டைப்பிஸ்ட் கப்பலைக் கட்டினாள். குடைச்சல் அந்தக் கப்பலையும் குடைந்தாள். எத்தனை மாடி, பிரேக் உண்டா, நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால் யார் இறங்கி எடுப்பார்கள்? எல்லாவற்றுக்கும் அம்மா ஒரு பதிலை அவசர அவசரமாகக் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறகு எப்படியோ அந்தப் பேச்சு அடங்கியது. பொய் வேர் பிடித்துவிட்டது என்று அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

இப்போது இந்த அம்மா வந்து வேரில் கைவைக்கிறார்.

அடுத்த முறை எழுத்தாளர் வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது டைப்பிஸ்ட் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். சாதாரணமான முகம். நரைத்த முடி, மூக்குத்தண்டில் கண்ணாடி பதிந்த தடம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கத் தோன்றுகிற முகம்.

"என்னம்மா, இன்னைக்கு இவ்ளோ அமைதி?"

"ஒன்னுமில்ல மேடம். தலைவலி."

"புத்தகம் வந்ததும் முதல் காப்பி உங்க பொண்ணுக்குத்தான். என் கையாலயே கொடுக்கணும்."

டைப்பிஸ்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்கு என் பெண்ணுக்கு? குடைச்சல் கையில் எது கிடைத்தாலும் படிப்பவள். பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள். இதைப் படித்தால்? பக்கத்துக்குப் பக்கம் தன்னையே பார்த்துவிட்டு, அலமாரி முன்னால் போய் நின்று, அந்தச் சட்டைக் கேள்வியை அவள் கேட்டால்? கேட்டால் டைப்பிஸ்டிடம் பதில் இல்லை. அவள் கட்டிய கப்பலில் சட்டைக்கு இடம் ஒதுக்கவே இல்லை.

எழுத்தாளர் போனதும் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சட்டைக் கேள்வியை அழித்தாள். இடம் வெறிச்சென்று தெரிந்ததால், "வாண்டு அலமாரியைச் சாத்தினாள்" என்று தானே ஒரு வரி போட்டுக்கொண்டாள். தப்பு என்று தெரிந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குஷியாகவும் இருந்தது.

ருசி கண்ட கை அதன்பிறகு நிற்கவில்லை. வருகிற அத்தியாயத்தில் எல்லாம் வாண்டு அப்பாவைப் பற்றிக் கேட்டாள், டைப்பிஸ்ட் அதையெல்லாம் களையெடுத்தாள். "அப்பா இருக்கிற ஊர்ல இப்ப மணி என்ன?" போயிற்று. "அப்பாவுக்கு நம்ம வீட்டு வழி மறந்திருக்குமா?" போயே போயிற்று. மற்ற கேள்விகளைத் தொடவில்லை. எறும்பு தூங்குமா, நிழலுக்கு எடை உண்டா, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு முறை துணிச்சல் அதிகமாகி, வாண்டுவுக்குப் பூப்போட்ட கவுன் மாட்டிவிட்டு, "அவள் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்" என்று அடித்துப் பார்த்தாள். படித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரை ஏமாற்றுவது? அழித்துவிட்டு, பழையபடி சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, மகள் பந்து விளையாடும் மைதானத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கோல் கம்பத்துக்கு நடுவில் ஒரு நோஞ்சான் பையன் நின்றிருந்தான்.

"குடைச்சல் எங்கடா?"

"செவ்வாய்க்கிழமைல அவ வரமாட்டா ஆன்ட்டி. சைக்கிள் எடுத்துட்டு எங்கயோ போவா."

டைப்பிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்கே போவாள் என்று அவளுக்கா தெரியாது! எழுத்தாளர் வீடு கடையிலிருந்து நாலு தெரு தள்ளித்தானே. இருட்டுவதற்குள் குடைச்சல் வந்தாள், முழங்கால் வரை தூசி. "விளையாடிட்டு வரேம்மா" என்றாள். சொல்லாமலேயே போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவி வைத்தாள். குற்ற உணர்ச்சி போலிருக்கிறது என்று டைப்பிஸ்ட் கறுவிக்கொண்டாள். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று பொறுத்துக்கொண்டாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. அப்பாவைத் தேடி வாண்டு சைக்கிளில் கிளம்புகிறாள், நகரமெல்லாம் அலைகிறாள், கண்டுபிடிக்க முடியாமல் திரும்புகிறாள், அம்மா மடியில் விழுந்து அழுகிறாள். டைப்பிஸ்ட் தேடலை வெட்டினாள், அழுகையை வெட்டினாள். மிஞ்சியது கொஞ்சம்தான்: "வாண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். அம்மா அருகில் உட்கார்ந்துகொண்டாள்." அதோடு நாவல் முடிந்தது. எழுத்தாளர் முழுக்கட்டையும் வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து கடைக்கு எழுத்தாளரிடமிருந்து போன் வந்தது. "டைப்பிஸ்ட என் வீட்டுக்கு அனுப்பி வைங்க."

"என்னம்மா தப்பு பண்ண?" என்றார் முதலாளி.

"நான் ஒன்னும் பண்ணல. அவங்கதான் பண்ணாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வேலை போனால் போகட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

எழுத்தாளர் வீடு இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. மேஜை இல்லை. துணி தேய்க்கிற பலகையை இடுப்பளவு உயர்த்தி, அதன்மேல் தாளை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுவாராம், முதுகுவலிக்காக. நாவல் கட்டு அந்தப் பலகைமேல் கிடந்தது, ஓரமெல்லாம் சிவப்பு மை. டைப்பிஸ்ட் முதல் காரியமாக ஜன்னலிடம் போய் எட்டிப் பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் மொட்டைச் சுவரும் இரண்டு குழாயும் தெரிந்தன. இங்கிருந்து யாரையும் வேவு பார்க்க முடியாது.

"உக்காருங்கம்மா. எதைத் தேடுறீங்க?"

"நான் உக்கார வரல மேடம். என் பொண்ணு இங்க வர்றாளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"உங்க பொண்ணா? நான் அவளப் பார்த்ததே இல்லையே."

"பொய் சொல்லாதீங்க! மணியக் கழட்டினது, முடிய வெட்டினது, வாட்ச்மேன் கதை. அவ சொல்லாம உங்களுக்கு வேற யார் சொன்னா?"

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதாம்மா சொன்னீங்க."

"நானா?"

"வேற யாரு? ஒவ்வொரு தடவையும் நான் வந்து உக்காருவேன். 'இந்தக் குடைச்சல் நேத்து என்ன பண்ணுச்சு தெரியுமா மேடம்'னு ஆரம்பிப்பீங்க. மணி, முடி, லிப்ட், எல்லாத்தையும் கொட்டித் தீர்ப்பீங்க. ஒரு பக்கம் திட்டுவீங்க, ஒரு பக்கம் முகமெல்லாம் பூரிச்சுப் போகும். அந்த முகத்தப் பார்த்துதான் வாண்டுவ எழுதினேன். அதனாலதான் முதல் காப்பி அவளுக்குன்னு சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

டைப்பிஸ்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உளவாளியைத் தேடி ஊரெல்லாம் கண்ணை ஓட்டியவள், தன் வாயைச் சந்தேகப்பட மறந்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை.

"அவ அப்பா விஷயம்? அத நான் சொல்லவே இல்லையே!"

"சொல்லல. எல்லாத்தையும் பேசுற நீங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல. அந்த இடம் காலியாவே இருந்துச்சு. நானா ஒரு அப்பாவ எழுதி தூரதேசத்துக்கு அனுப்பிட்டேன். உங்கள எங்கயாவது குத்தியிருந்தா மன்னிச்சுக்கங்க." எழுத்தாளர் பலகைமேல் இருந்த கட்டைத் தட்டினார். "சரி, இப்ப நான் ஒன்னு கேக்குறேன். என் கேள்வியெல்லாம் எங்க?"

இதற்குத்தான் காத்திருந்தாள் டைப்பிஸ்ட். "நான்தான் எடுத்தேன். எம் பொண்ணு படிப்பா மேடம். படிச்சா கேப்பா. எனக்குப் பதில் கிடையாது. நீங்க போலீஸ்ல சொன்னாலும் சரி, முதலாளிகிட்ட சொன்னாலும் சரி."

"முதல்ல படிச்சப்ப உங்க கழுத்தத் திருகலாம்னுதான் இருந்தேன். நாவலாசிரியர் எழுதின பக்கத்துல டைப்பிஸ்ட் கைவைக்கிறதா? எனக்கு வந்த ஆத்திரத்துல டீ கப்பக் கூட உடைச்சேன். அப்புறம், எத வெட்டினீங்கன்னு பார்க்க, முதல்ல இருந்து இன்னொரு தடவ படிச்சேன்." அவர் குரல் மாறியது. "இத்தன வருஷமா எழுதுறேன், எனக்கு இது தோணல. என் வாண்டு வாய்க்கு வாய் அப்பாவக் கேக்குறா, கடைசில அழறா. எல்லாப் புள்ளையும் அதத்தான் பண்ணும். உங்க வாண்டு அப்படியா? எறும்புல இருந்து லிப்ட் வரைக்கும் உலகத்துல இருக்குற அத்தனையும் கேக்குறா. வீட்ல இல்லாத அப்பாவ மட்டும் கேக்கவே மாட்டேங்குறா. அலமாரியத் திறந்து பார்க்குறா, பேசாம மூடுறா. படிக்கிறவங்களுக்கு என்ன தோணும், சொல்லுங்க?"

டைப்பிஸ்ட் சிவப்பு மை ஓடிய தாள்களைப் பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியும்னு தோணும். எப்பவோ தெரியும். அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு இருக்கா. அந்தக் கடைசிப் பக்கம், சைக்கிள்ல போறா, இருட்டுறதுக்குள்ள வர்றா, அம்மா பக்கத்துல பேசாம உக்காருறா. எங்க போயிட்டு வந்தான்னு நீங்க எழுதல. எழுதவே வேணாம். எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. நான் இப்படியேதான் அச்சுக்குக் கொடுக்கப் போறேன். ஏம்மா? என்னாச்சு? தண்ணி வேணுமா?"

டைப்பிஸ்ட் பேயறைந்தவள்போல் நின்றாள். குடைச்சல் இங்கே வந்ததில்லை. அப்படியானால் செவ்வாய்க்கிழமைகளில் அந்தச் சைக்கிள் எங்கே போகிறது? கப்பலைப் பற்றி அவள் கடைசியாக எப்போது கேட்டாள்? போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா? ரேடியோவைக் கேட்டாள், நிழலைக் கேட்டாள், கதையில் வருகிறவர்களுக்குப் பசிக்குமா என்றுகூடக் கேட்டாள். அடிப்பாவி மகளே, அப்பா எப்போது வருவார் என்று நீ கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது!

அவள் எப்படிப் படியிறங்கினாள், எந்த வழியாக வீட்டுக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. குடைச்சல் வீட்டு நடையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ட்யூபை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கை இரண்டும் நனைந்திருந்தன.

"ம்மா, காத்துக்கு ஓட்டை எப்படித் தெரியுது? கண்ணே இல்லாம எப்படிக் கரெக்டா வெளிய வருது?"

டைப்பிஸ்ட் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதெல்லாம் கேக்குறியே. அப்பாவப் பத்தி மட்டும் ஏன்டி எங்கிட்ட கேக்குறதே இல்ல?"

குடைச்சலின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. திருட்டு முழி முழிப்பாள் என்று எதிர்பார்த்தால், அவள் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒரு தாயை மகள் அப்படிப் பார்க்கக் கூடாது.

"கேட்டா நீ பொய் சொல்லணும்ல" என்றாள். "உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. மூச்சு விடாம கடகடன்னு பேசுவ. கேக்காததையெல்லாம் சேத்துச் சேத்துச் சொல்லுவ. பார்க்கவே பாவமா இருக்கும். அதான் விட்டுட்டேன்."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"மாமா போன்ல பேசினாரு. நீ சமையல்கட்டுல கதவச் சாத்திக்கிட்டு அழுத. அப்புறம் நானே தேடிக் கண்டுபிடிச்சேன்."

"செவ்வாய்க்கிழமை அங்கதான் போறியா?"

"செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. வாசல்ல உக்காந்து எதையாவது ரிப்பேர் பண்ணிட்டு இருப்பாரு. நான் கிட்டப் போகமாட்டேம்மா. சத்தியமா. எதிர்ல ஒரு கடை இருக்கு, அங்க நின்னு பார்த்துட்டு வந்துடுவேன். அவர் என்னப் பார்த்ததில்ல."

டைப்பிஸ்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் தான் இந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தாள். இந்தக் குழந்தை அல்லவா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்து, பாத்திரம் கழுவி வைத்துத் தன்னைக் காப்பாற்றியிருக்கிறாள். மகளின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டு, அவளே கேட்க ஆரம்பித்தாள். எப்படி இருக்கார்? கொஞ்சம் குண்டாயிட்டார். இருமல் இருக்கா? தெரியல, தூரத்துல கேக்காது. அந்தம்மா எப்படி இருப்பா? சாதாரணமாத்தான். ஒவ்வொன்றுக்கும் குடைச்சல் யோசித்து யோசித்து, அளந்து அளந்து பதில் சொன்னாள்.

"அங்க குழந்தை எதாவது இருக்கா?"

"அய்யோ அதெல்லாம் இல்லம்மா, குழந்தையெல்லாம் கிடையாது, அவங்க ரெண்டு பேர் மட்டும்தான், கொடியில கூட பெரியவங்க துணிதான் காயும், அது ரொம்பச் சின்ன வீடும்மா, அதுல எங்க குழந்தையெல்லாம், அந்தத் தெருவுலயே குழந்தைங்க கம்மி" என்று குடைச்சல் மூச்சு விடாமல் கடகடவென்று சொன்னாள்.

டைப்பிஸ்ட் மகளின் முகத்தையே பார்த்தாள். பையனா பெண்ணா என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"சரிடா" என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.